குமிழ் இல்லாமல் நிரம்பிய பாட்டில்

“இதப் படிச்சா என் பொண்ணுக்கு என்ன மேடம் தெரியும்?”

சேர்க்கை நாளொன்றில், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு தண்ணீர் லாரிக்காரர் உங்களிடம் கேட்ட கேள்வி இது. இந்த மடலை எங்கிருந்து தொடங்குவது என்று பேசியபோது எங்கள் எல்லோருக்கும் அதுவே நினைவுக்கு வந்தது.

மண்ணை மதித்த மாண்புடையீர்! நீரின் நிலையறிந்த நேர்மையீர்! சுற்றுச்சூழல் புவியறிவியல் என்னும் இளநிலைப் படிப்பை இக்கல்லூரியில் தொடங்கி, வளர்த்து, இன்று விடைபெறும் எங்கள் துறைத்தலைவி அம்மா அவர்களே! ஆய்வகத்தில் பாட்டில் கழுவுபவர்களும், அலுவலகத்தில் எழுதுபவரும், களப்பயணத்துக்கு வேன் ஓட்டுபவரும் சேர்ந்து வணங்குகிறோம். எங்களில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் உண்டு. உங்கள் வகுப்பை வாசலில் நின்று கேட்டவர்கள் நாங்கள். சொல்லில் பிழையிருந்தால் பொறுத்தருள்க.

இந்தப் படிப்பு என்னவென்று வெளியே யாருக்கும் விளங்கியதில்லை. வரைபடம் வரையும் படிப்பு என்றார்கள். செடி நடும் படிப்பு என்றார்கள். நீங்களோ மாணவர்களைச் சேற்றில் இறக்கி, சல்லடையில் மண் சலிக்க வைத்து, கிணறு கிணறாக நீர்மட்டம் அளக்க வைத்து, மேலே கொட்டியது கீழே எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னீர்கள். கைப்பை நிறையக் கல் வைத்திருந்ததால் ‘கல்லம்மா’ என்று பெயரும் வாங்கினீர்கள். ஒருமுறை மேட்டில் டயர் பஞ்சராகி நின்றபோது, நீங்கள் பொறுக்கி வைத்திருந்த கல்லை எடுத்து வேன் டிரைவர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

“அது எத்தன கோடி வருஷத்துக் கல்லு தெரியுமாய்யா?” என்று பதறினீர்கள்.

“அவ்வளவு நாள் தாங்கினது, அரைமணி நேரம் தாங்காதா மேடம்?” என்றார் அவர். அன்று நீங்கள் சிரித்ததைப்போல் பிறகு சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

அந்த லாரிக்காரருக்கு நீங்கள் சொன்ன பதிலை இங்கே சொல்லியாக வேண்டும். “உங்க கிணத்துத் தண்ணியக் குடிக்கலாமா கூடாதான்னு உங்க பொண்ணே சொல்லுவா” என்றீர்கள். அவர் முகம் மலர்ந்தது. அவருடைய பிழைப்பே தண்ணீர்தான். தம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து லாரியில் நிரப்பி, தெருத்தெருவாக விற்றுவந்தார். அன்றே மகளைச் சேர்த்தார்.

சோதனைக்கு அவளைப்போல் பாட்டில் நிரப்பியவர் யாருமில்லை. எடுக்கும் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, கழுத்துவரை ஒரு காற்றுக் குமிழும் இல்லாமல் நிரப்பி, மூடிய கையோடு எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று சீட்டில் எழுதி ஒட்டிவிடுவாள். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தன் தெருவையே எடுத்துக்கொண்டாள். தெருவுக்கு மேட்டுப் பக்கம், மண் மூடிக் கிடந்த பழைய குப்பைமேட்டில் இறங்கிய மழை, நிலத்தடியில் எந்தப் பக்கம் ஊறிப் போகிறது என்று அம்புக்குறி போட்டாள். அம்புகள் அவள் வீட்டுக் கிணற்றை நோக்கியே போயின. மறுபடி எடுத்தாள், மறுபடி சோதித்தாள். குடிக்கத் தகாத தண்ணீர்.

“எங்க கிணத்த மட்டும் விட்டுடலாமா மேடம்?” என்று அவள் கேட்டபோது, கண்ணாடிக் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்த நாங்கள் நிமிர்ந்து உங்களைப் பார்த்தோம்.

நீங்கள் அவளைத் திட்டவில்லை. “கிணத்த விட்டுடலாம்மா. அதக் குடிக்கிறவங்கள எங்க விடறது?” என்றீர்கள். அறிக்கையை மட்டும் நகராட்சிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் ஒதுங்கியிருக்கலாம். அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நீங்களே அவள் வீட்டுக்குக் கூடப் போனீர்கள். அவள் அப்பா லாரிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். வரைபடத்தை விரித்து எல்லாவற்றையும் விளக்கினீர்கள். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று வேன் டிரைவர் சொல்வார். பிறகு வால்வை மூடிவிட்டு, ஒன்று மட்டும் சொன்னாராம்: “நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு மேடம். என் பொண்ணே சொல்லிட்டா.”

லாரி விற்கப்பட்டது. வீடு பூட்டப்பட்டது. பட்டமளிப்பு நாளில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. எங்கோ ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சேர்க்கை நாளிலும், என்ன தெரியும் என்று கேட்ட பெற்றோரிடம் நீங்கள் வேறு பதில் சொன்னீர்கள். “தெரிஞ்சுக்க விரும்பாததும் தெரிஞ்சுடும். பரவாயில்லையா?” பலர் விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். உண்மையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லக் கூடாதா என்று அலுவலகத்து அண்ணன் உங்களிடம் சண்டையே போட்டார். இந்த ஆண்டு ஒருவரும் சேரவில்லை. உங்களோடு இந்தப் படிப்பும் விடைபெறுகிறது. உங்களால்தான் என்று தாழ்வாரத்தில் சிலர் பேசுகிறார்கள். அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஆனால் அந்த அறிக்கையைப் பார்த்து நகராட்சி குழாய் போட்டதில், அந்தத் தெருவில் இன்று நல்ல தண்ணீர் வருகிறது. அதைப் பிடிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் நெடுங்காலம் நலமுடன் வாழ வேண்டும். உங்கள் முழங்கால் வலி தீர வேண்டும். நல்ல உறக்கம் உங்களுக்கு வர வேண்டும். இனி வழியில் கிடக்கும் கல்லை வெறும் கல்லாகவும் நீங்கள் பார்க்கப் பழக வேண்டும்.

இன்னும் ஒன்று, அம்மா. நேற்று நீங்கள் சாவிகளை ஒப்படைக்க அலுவலகம் போயிருந்தபோது ஒருவர் ஆய்வகத்துக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்ததால் முதலில் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பாட்டிலைப் பிரித்து உங்கள் மேசைமேல் வைத்தார். கழுத்துவரை தண்ணீர், ஒரு குமிழ்கூட இல்லை. சீட்டில் இருந்தது அந்தப் பெண்ணின் கையெழுத்து. எடுத்த இடம்: புது வீட்டுக் கிணறு. எடுத்தவர்: அப்பா.

நாங்கள் யாரும் அதைத் திறக்கவில்லை. உங்கள் கையால்தான் சோதிக்க வேண்டும். உட்காருங்கள், மேடம் இப்போது வந்துவிடுவார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டோம். அவர் பாட்டில் மூடியை இன்னொருமுறை இறுக்கித் திருகிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உட்காராமலே படியிறங்கிப் போனார்.

என்றும் உங்கள்,
ஆய்வகத்தாரும் அலுவலகத்தாரும் வேன் டிரைவரும்