பஞ்சு குடோன் சுவரில் போட்ட சிவப்புக் குறி

என் பெயர் அமீர் ஹம்சா, வயது 47, த/பெ காதர் மைதீன். கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் குடியிருந்துகொண்டு, உக்கடத்தில் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை நடத்தி வருகிறேன். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. பீளமேட்டில் பஞ்சு குடோன் சுவரில் அரசு அதிகாரி போலக் குறி போட்டு, பொதுமக்களைப் பீதியடையச் செய்ததாகத் தெரு நலச் சங்கச் செயலாளர் பாலுசாமி கொடுத்த மனு சம்பந்தமாக, இன்று மாலை ஸ்டேஷனில் ஆஜராகிச் சொல்வது என்னவென்றால், குறி போட்டது நான்தான். அதிகாரி போலப் போடவில்லை, எலெக்ட்ரீஷியன் போலத்தான் போட்டேன்.

பீளமேடு ரங்கராஜ் என் பழைய வாடிக்கையாளர். அவரும் அவர் தம்பி சசிதரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவர்கள் அப்பா காலத்துப் பஞ்சு குடோன் உள்ளது. அது யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டில் வழக்கு நடப்பதும், அதிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். தீர்ப்பு வரும் வரை அந்தக் குடோனில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று உத்தரவு இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

சென்ற வாரம் ரங்கராஜ் எனக்குப் போன் செய்து, தன் மகள் ஹர்ஷிணியின் கல்யாண ரிசப்ஷனுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் போக வேண்டிய காரில் ஒரு ஹெட்லைட் வேலை செய்யவில்லை, வந்து பாருங்கள் என்றார். அது ஜப்பானில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஹெட்லைட்கள் பானட்டோடு பானட்டாக மூடிக் கிடக்கும், சுவிட்சைப் போட்டால் மேலே எழும்பி எரியும். வலது லைட் ஒழுங்காக எழும்பியது. இடது லைட்டில் மோட்டார் சத்தம் மட்டும் வந்தது.

நான் போன அன்று ரங்கராஜும் அவர் மனைவியும் கொடுமுடி கோயிலுக்குப் போய்விட்டார்கள், மறுநாள்தான் வருவார்கள் என்று ஹர்ஷிணி சாவி கொடுத்தது. கல்யாண வீட்டில் பந்தல்காரர் தவிர ஆளையே காணோமே, சித்தப்பா வீட்டார் ஒத்தாசைக்கு வருவதில்லையா என்று நான் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அதற்கு அந்தப் பெண், “சித்தப்பா பத்திரிகையக்கூட வாங்கலீங்ண்ணா. இந்தக் காருல எனக்கு ஓட்டப் பழக்குனதே அவருதானுங்க. அவரில்லாம இது கல்யாண ஊடு மாதிரியே இல்லீங்க” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல் கடைக்குப் போய்விட்டது. எனக்கும் ஒரு பெண் இருக்கிறது, மனசு கேட்கவில்லை.

அதன் பிறகு நான் இடது லைட்டைக் கழற்றிப் பார்த்தபோது, லைட்டைத் தூக்கிவிடும் கம்பியின் முனையிலிருந்த புஷ் என்கிற சின்ன வளையம் தேய்ந்து தூளாகியிருந்ததும், முன்பு வேலை பார்த்த எவரோ ஒரு புண்ணியவான் அதற்குள் மரத்துண்டைச் செதுக்கி ஆப்பாக அடித்து வைத்திருந்ததும் தெரிய வந்தது. எர்த் ஒயரும் பச்சை பிடித்து இற்றுப் போயிருந்தது. ஆப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புது எர்த் ஒயர் கொடுத்து, நைலானில் புது புஷ் கடைய அளவு எடுத்துக்கொண்டேன். அந்தக் காருக்குக் கடையில் புஷ் கிடைக்காது, கணபதியில் லேத்துப் பட்டறையில் சொல்லித்தான் கடைய வேண்டும்.

அதன் பிறகு வெளிச்சம் மேலேயும் கீழேயும் போகாமல் நேராக விழுவதற்கு போக்கஸ் செட் பண்ண வேண்டியிருந்தது. இதற்கு எதிரில் ஒரு சுவர் வேண்டும். லைட் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் சுவரில் இரண்டு கூட்டல் குறி போட்டு, வெளிச்சத்தின் நடு அதன் மேல் விழும்படி ஸ்க்ரூவைத் திருப்புவோம். குடோன் சுவர் நேர் எதிரில் இருந்தது. வெள்ளைச் சுவரில் சாக்பீஸ் தெரியாது, மறுநாளும் குறி தேவைப்படும் என்பதால், பையிலிருந்த சிவப்பு பிரைமர் பெயிண்டில் இரண்டு குறி போட்டு, உயரம் மறக்காமலிருக்கப் பக்கத்தில் 26 என்று எழுதினேன். அது இன்ச் கணக்கு. பின்பு ஓட்டுபவர் எடைக்காகக் கல்யாண அரிசி மூட்டை இரண்டைச் சீட்டில் ஏற்றி வைத்து, வலது லைட்டை மட்டும் செட் பண்ணிவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் புஷ்ஷோடு நான் திரும்பி வந்தபோது தெருவில் கூட்டமாக இருந்தது. பாலுசாமி என்னை நிறுத்தி, ரோட்டை அகலப்படுத்த அரசாங்கம் குறி போட்டுவிட்டது, 26 அடி உள்ளே வரப்போகிறார்கள், குடோன் மொத்தமும் போய்விடும் என்றார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் ரங்கராஜ் வீட்டு வாசலைப் பார்த்தேன். அங்கே மேசை போட்டு, அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கலெக்டருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினார். அண்ணனின் மூக்குக் கண்ணாடியைத் தம்பி வாங்கிப் போட்டுக்கொண்டு எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு, எனக்குப் பாதிதான் விளங்கும். இருந்தாலும் திட்டிக்கொள்ளவில்லை என்பது விளங்கியது.

நான் ஹர்ஷிணியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு ஒரு நாளு பேசாம இருங்ண்ணா. அவங்க பேசிக்கட்டும்” என்றது. எனக்கும் அதைக் கெடுக்க மனசு வரவில்லை. வேலையை முடித்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு போக்கஸ் பார்த்துக்கொள்ளலாம் என்று புது புஷ்ஷை மாட்டி, வலது லைட்டை அளவாக வைத்து இடதையும் அதே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அந்தச் சமயத்தில் ரங்கராஜ் எழுந்து வந்து, “எந்திரிக்குதுங்களா பாய்?” என்று கேட்டார். அப்புறம் பார்க்கலாமுங்க என்று நான் கெஞ்சக் கெஞ்ச, அவரே கையை உள்ளே விட்டுச் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

இரண்டு லைட்டும் ஒரே மூச்சில் எழும்பி எரிந்தன. வெளிச்சத்தின் நடு இரண்டும் நேராகப் போய் இரண்டு சிவப்புக் குறியின் மேலும் உட்கார்ந்தன. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. தொழிலுக்கு வந்து இத்தனை காலத்தில், கொஞ்சம் பிசகியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியது அன்றைக்குத்தான். தெருவே குறியைப் பார்த்தது, லைட்டைப் பார்த்தது, அதன் பிறகு என்னைப் பார்த்தது.

சசிதர் என்னிடம் வந்து, “ஏனுங் பாய், இந்தக் குறி நீங்க போட்டதுங்களா?” என்று கேட்டார். போக்கஸுக்காகப் போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பாலுசாமி கவுன்சிலருக்கெல்லாம் போன் செய்து சொல்லிவிட்டபடியால் அவருக்கு மானம் போய்விட்டது, என்னைக் கண்டபடி பேசினார். அதில் எனக்கு வருத்தமில்லை. அண்ணனும் தம்பியும் மறுபடி பிரிந்துவிடுவார்களே என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சசிதர் மேசையிலிருந்த மனுவை எடுத்தார். கிழித்துப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதே நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, காபி ஆறிவிட்டது, வேறு கொண்டு வா கண்ணு என்று ஹர்ஷிணியிடம் சொன்னார்.

பாலுசாமியின் மனுவுக்காக எல்லோரும் இன்று ஸ்டேஷனுக்கு வந்தபின், கோர்ட் உத்தரவு இருக்கும் சுவரில் யார் தூண்டுதலால் குறி போட்டாய் என்று இன்ஸ்பெக்டர் அய்யா என்னைக் கேட்டார். உடனே ரங்கராஜ், தான்தான் போடச் சொன்னதாகச் சொன்னார். அது உண்மையில்லை, அவர் அப்போது கொடுமுடியில் இருந்தார். அதன் பிறகு சசிதர், தான்தான் போடச் சொன்னதாகச் சொன்னார். அதுவும் உண்மையில்லை, அவரை நான் அன்று பார்க்கவேயில்லை. யாரும் சொல்லாமல் நானாகத்தான் போட்டேன்.

குறியை அழிப்பதென்றாலும் இரு தரப்பும் சேர்ந்து கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் அழிக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னார். அதற்கு சசிதர் தன் அண்ணனைப் பார்த்து, எங்கள் எல்லோருக்கும் விளங்கும்படி தமிழில், “எப்படியும் ரெண்டு பேரும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போயாகோணும். போறது போறோம், கேசையே முடிச்சுப்போட்டு வந்தரலாமுங்ண்ணா” என்றார். ரங்கராஜ் தம்பியின் தோளில் கை வைத்தார், அந்தக் கையை இதை எழுதும் வரை எடுக்கவில்லை. பாலுசாமியும் தன் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அவருடைய காரின் லைட்டையும் அந்தச் சுவரில் ஒரு தடவை பார்த்துத் தரும்படி என்னைக் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இங்கு வரும்போது அண்ணனும் தம்பியும் அந்த இரண்டு பேர் காரில் இரண்டு லைட்டையும் எழுப்பிக்கொண்டு முன்னால் போக, எனக்கு அதில் இடமில்லாததால் நான் என் மொபெட்டில் பின்னாலேயே வந்தேன். இடது லைட் ஆடவில்லை, அணையவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இதில் கூட்டியதோ மறைத்ததோ ஏதுமில்லை, அத்தனையும் நடந்ததே என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கா. அமீர் ஹம்சா

சாட்சிகள்:
(ஒப்பம்) ரங்கராஜ், பீளமேடு
(ஒப்பம்) சசிதர், மேற்படியார் தம்பி