மிச்சச் சூடு

சனிக்கிழமை இரவு, மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஜனவரி மாதம். ஈசல்மி ஊரிலிருந்து ஏரிக்கரைக்குப் போகிற சாலை... அந்த நேரத்தில் பனி வாருகிற வண்டிகூட அங்கே வராது. இரண்டு பக்கமும் மரம், முடிவில் ஒரே ஒரு மூன்று மாடிக் கட்டடம். அந்தச் சாலையில் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனாள் ஹில்க்கா. நம் பெந்தியின் அக்காள் மகள்தான். பெந்தி கதை கட்டுகிறவன் இல்லை, உங்களுக்கே தெரியும். அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள், சொல்கிறேன்.

ஹில்க்காவுக்கு அடுக்குமாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழாய் வெடித்தால் அவளைக் கூப்பிடுவார்கள், படியில் பனி உறைந்தால் அவளைக் கூப்பிடுவார்கள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாக் கதவுக்கும் சாவி அவளிடம் இருந்தது. அன்றைக்கு அவள் மேலங்கிப் பையில் இன்னொன்றும் இருந்தது. அந்தக் கட்டடத்துச் சவுனாவின் மின் அடுப்புக்கான ஃபியூஸ்கள். மத்தியானம் அவளே பிடுங்கி எடுத்தவை.

நடந்தது இதுதான்.

அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் சவுனா, அடுப்பின் மேல் கல்லைச் சூடேற்றி ஆவியில் குளிக்கிற அறை. வாரத்தில் வீட்டுக்கொரு முறை, முறைக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமையின் கடைசி முறை மட்டும் எந்த வீட்டுக்கும் கிடையாது. அடுப்பு எரியும், யாரும் போகமாட்டார்கள். அதற்கு முந்தைய முறை கீழ்வீட்டு வெய்க்கோவுடையது, பஸ் ஓட்டுகிறவன். வெளியே வருமுன் கற்கள் மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றுவான், விளக்கை அணைப்பான், கதவைச் சாத்துவான்.

அலுவலகத்தில் ரைமோ, அவளுடைய மேலாளர், மின்சாரச் செலவைப் பார்த்துவிட்டு, “யாரும் இல்லாத அறைக்கு எதுக்கு சூடு? யாருக்காவது கொடுத்துடு,” என்றான்.

அதே வாரம் இரண்டாம் மாடிக்கு யான்னே, மின்னா என்ற இளம் தம்பதி குடிவந்தார்கள். யான்னே சனிக்கிழமைதான் வேண்டும் என்று கேட்டான். ஹில்க்கா கொடுத்துவிட்டாள்.

வெய்க்கோ படியில் மறித்துக்கொண்டான். “ஏன் ஹில்க்கா, அந்தக் கடைசி மணி நேரம் யாருக்குன்னு தெரியாதா உனக்கு?”

“யாருக்கு?”

“குளிக்க வேற இடம் இல்லாதவங்களுக்கு. அந்தக் காலத்துல செத்தவங்களைக் கழுவினதே சவுனாவுலதானே. மிச்சச் சூடு அவங்களோடது.”

“வாடகை தர்றாங்களா அவங்க?”

“இத்தனை வருஷத்துல ஒரு புகார் சொல்லியிருக்காங்களா? உனக்கு அதைவிட நல்ல குடித்தனக்காரங்க கிடைப்பாங்களா?” என்று சிரித்தான் வெய்க்கோ. அவளும் சிரித்தாள்.

முதல் வாரம் கழித்து, குப்பைத் தொட்டி அருகே யான்னேயைப் பார்த்தாள். சவுனா எப்படி என்று கேட்டாள்.

“பிரமாதம். மத்தவங்களும் நல்ல மனுஷங்க. சத்தமே இல்ல.”

“எந்த மத்தவங்க?”

“இந்தக் கட்டடத்து ஆளுங்கதான். நான் போறப்பவே உட்கார்ந்திருக்காங்க. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாங்க.”

“யாரு என்னன்னு கேட்கலையா?”

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். “சவுனாவுல போய் அதைக் கேட்பாங்களா?”

கேட்கமாட்டார்கள்தான். நம்மில் யார் கேட்போம்? இருட்டு, ஆவி, அம்மணமாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்கள்... பேசாமல் இருப்பதுதானே மரியாதை. அந்த மரியாதையோடுதான் அவன் வாராவாரம் போய் உட்கார்ந்தான்.

ஹில்க்கா வீடு வீடாகப் போய் விசாரித்தாள். அந்த நேரத்தில் யாருமே கீழே இறங்குவதில்லை. வெய்க்கோவிடமும் கேட்டாள். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. “கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் பாரு,” என்றான். “வாங்க முடியுமான்னு தெரியல.”

பிறகு மின்னாவின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின.

“சவுனாவுலேர்ந்து வர்றவர் உடம்பு சிவந்து, ஆவி பறக்க வரணும் இல்லையா ஹில்க்கா? இவர் ஐஸ் மாதிரி வர்றார். விடியறவரைக்கும் போர்வைக்குள்ள நடுங்குறார். போகாதீங்கன்னா, இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க, போகலைன்னா நல்லா இருக்காதுங்கிறார். எப்படியாவது நிறுத்துங்க. அவர் இப்படியே போயிடுவார்.”

ஹில்க்கா அந்த முறையை ரத்து செய்தாள். யான்னே தலையாட்டினான், சனிக்கிழமை போனான். பூட்டை மாற்றினாள். புதுச்சாவி அவளிடம் மட்டும். அவன் கையைக் கதவில் வைத்தான், திறந்துகொண்டது என்றாள் மின்னா. ரைமோவிடம் சொன்னதற்கு, “பேய்க்கெல்லாம் நம்ம காப்பீட்டுல இடமில்ல, நீ ரெண்டு நாள் லீவு எடு,” என்றான். கடைசியில்தான் ஃபியூஸைப் பிடுங்கினாள். அடுப்பு எரியாவிட்டால் எதற்குப் போகப்போகிறான்?

ஒன்பது மணிக்கு மின்னா கூப்பிட்டாள். “மறுபடியும் இறங்கிப் போயிட்டார்.”

கட்டடத்து வாசலில் காரை நிறுத்தினாள். மூக்குமயிர் உறைகிற குளிர். மின்னா அடித்தளப் படியில் நின்றிருந்தாள், இரவு உடை மேல் கணவனின் கோட்டு. அழவில்லை. கதவைக் காட்டினாள், அவ்வளவுதான்.

உடை மாற்றும் அறையில் யான்னேயின் சட்டை, கால்சட்டை, எல்லாம் ஒழுங்காகக் கொக்கியில் தொங்கின. உடம்பில் அடித்துக்கொள்கிற பிர்ச் இலைக் கொத்தின் வாசனை... ஈரமான தார் சோப்பின் வாசனை. ஹில்க்கா பையில் கையைவிட்டுப் பார்த்தாள். ஃபியூஸ்கள் இருந்தன.

உள்ளே யாரோ அகப்பையால் தண்ணீர் ஊற்றினார்கள். ஸ்ஸ்ஸ்... என்று கற்கள் இரைந்தன.

கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. இருட்டு. மேல் பலகையில் முழங்கால்கள் மட்டும் தெரிந்தன, வரிசையாக, ஒன்றையொன்று ஒட்டி. வெளுத்த முழங்கால்கள். நடுவில் யான்னே. தலையைக் குனிந்திருந்தான்.

“யான்னே, வெளியே வாங்க. மின்னா காத்துக்கிட்டிருக்கா.”

அவன் நிமிரவில்லை. மெதுவாக, எரிச்சல் இல்லாமல், நாம் எல்லோரும் சொல்வது போலவே சொன்னான். “கதவைச் சாத்துங்க. சூடு வெளியே போகுது.”

அப்போது அந்த வரிசை மொத்தமும் கொஞ்சம் நகர்ந்தது. ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டது.

ஹில்க்கா கதவைச் சாத்தினாள்.

யோசித்துச் செய்யவில்லை. குழந்தையிலிருந்தே நம் கைக்குப் பழகிய காரியம். சவுனாவில் யாராவது கதவு என்று சொன்னால் சாத்திவிடுவோம். சாத்திய மறுகணமே புரிந்து, இழுத்துத் திறந்தாள்.

உள்ளே ஒரே குளிர். வாளித் தண்ணீர் அடிவரை உறைந்திருந்தது. யாரும் இல்லை.

போலீஸ்காரர்கள் ஏரியின் பனிக்கட்டியை உடைத்துத் தேடினார்கள். அவன் மனம் பேதலித்து வெளியே நடந்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். வாசல் பனியில் ஹில்க்கா வந்த தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை என்பதை யாரும் பேசவில்லை. மின்னா ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதுவும் கோபமில்லாமல். “ஏன் கதவைச் சாத்தினீங்க?”

 மறுநாளே ஹில்க்கா சாவிக்கொத்தை ரைமோவின் மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கீழே சனிக்கிழமைக் கடைசி முறை மறுபடியும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

பெந்தியிடம் மட்டும் அவள் ஒன்று சொல்லியிருக்கிறாள். இரண்டாம் தடவை கதவைத் திறந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தாளாம். மேல் பலகை முழுக்க உறைபனி, உட்கார்ந்தவர்களின் தடம்கூட இல்லை. ஓரத்தில் மட்டும் ஒரு துணி விரித்திருந்தது. சவுனாவில் அடியில் போட்டு உட்காருவோமே, அந்த லினன் துணி. மூலையில் சிவப்பு நூலில் அவளுடைய பெயரின் முதலெழுத்து. ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாய் தைத்துக் கொடுத்தது. ஊருக்குள், அவள் வீட்டு அலமாரியில் மடித்து வைத்திருந்தது, அவள் கொண்டுவரவே இல்லை.

கையில் எடுத்தாள்.

ஈரமாக இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.