ஒரே முகவரியில் ரெண்டு ஃபோன்

ஹலோ... ஆமா, அக்காதான். இந்த ஆறாவது மாடி முடிஞ்சுதுடா... ஆமா, ஆமா, எல்லா மேசையிலயும் புது ஃபோனைப் பார்த்துட்டேன். ஒவ்வொண்ணுலயும் நீ சொன்ன நெட்வொர்க் அட்ரஸ்தான் வந்திருக்கு... இல்ல, ஒண்ணு மட்டும் மக்கர் பண்ணுது. கேட்ல வாட்ச்மேன் அண்ணன் ஃபோனுக்கு அடிச்சா போகவே மாட்டேங்குது... காலையில போச்சே, நானே பேசினேன்... என்ன பண்ணினே? கேட் ஃபோன் செட்டிங்கை அப்படியே உன் அடித்தளத்து ஃபோன்ல காப்பி அடிச்சியா? அட்ரஸை மாத்த மறந்துட்டியா? பரீட்சையில பக்கத்துப் பையன் பேரையும் சேர்த்துக் காப்பி அடிச்சவன்தானே... சிரிக்காதே. புரியுது, ஒரே அட்ரஸ்ல ரெண்டு இருந்தா ஒண்ணுதான் பேசும். உன்னுது இருக்கிற வரைக்கும் அவரோடது ஊமை. சரி, மாத்திட்டு மேல வா, இங்க எல்லா ஃபோன்லயும் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுது, அதையும் நீதான் திருத்தணும். எனக்குப் பசிக்குது.

என்ன சத்தம் அது?... என்ன வாடை?... பேட்டரி அலமாரியில புகையா? விடு, விட்டுட்டு வெளிய வா... கதவு திறக்கலன்னா எப்படி? இழுத்துப் பாரு... கைப்பிடி கையோட வந்துடுச்சா...

இரு, லைன்லயே இரு. மொபைல்ல தீயணைப்புக்குச் சொல்லிடறேன்... சொல்லிட்டேன், கிளம்பிட்டாங்க. ஆமா, ஆமா, கேக்குது. சட்டையைக் கழட்டி மூக்குல வை. தரையோட படு... சாவி வாட்ச்மேன் அண்ணன்கிட்டதான், தெரியும். அவர் மொபைலுக்கும் அடிச்சேன், எடுக்கல. லீவு நாள்டா, வேற ஒரு ஈ காக்கா இல்ல. நான் ஓடிப் போறேன்... லிஃப்ட் நின்னு போச்சு. ஆறு மாடி இறங்கி, கேட் வரைக்கும்...

என்ன?... வேண்டாம். வயரைப் பிடுங்காதே... தெரியுதுடா. நீ பிடுங்கினாத்தான் கேட் ஃபோனுக்கு உயிர் வரும், தெரியுது. அங்க மொபைல் சிக்னலும் கிடையாது, உன் குரல் எனக்குக் கேக்காதே அப்புறம்... அட்ரஸை மட்டும் மாத்திடேன்... புகையில பட்டன் தெரியலையா... இருமாதே. பேசு, எதாவது பேசு...

சரி... சரிடா தங்கம். கதவுகிட்டயே படுத்துக்கோ. உடனே அடிக்கறேன், எடுப்பார், ஓடி வருவார். நானும் வந்துட்டே இருக்கேன். பயப்படாதே, அக்கா இருக்கேன்...

ம். பிடுங்கு.

தம்பி...

கேட் ஃபோனுக்கு உயிர் வரச் சற்று நேரம் பிடித்தது. நான் விடாமல் அடித்தேன். வாட்ச்மேன் எடுத்தார், சாவியோடு ஓடினார். நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் தம்பியை வெளியே கிடத்தியிருந்தார்கள். முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

ஆறாவது மாடி ஃபோன்களில் கடிகாரம் இன்றும் ஒரு மணி நேரம் முந்தியே ஓடுகிறது.