போன காலு திரும்பலியே

உட்காரம்மா சுகன்யா. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொள். முதன்முதலாக மாமனார் வீட்டுக்கு வந்திருக்கிறாய், காபி போட்டுத் தரக்கூட ஆளில்லை. வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாய். "ஏன் மாமா அப்டிப் பண்ணீங்க?" குரலைக்கூட உயர்த்தவில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்லத் தோன்றுகிறது.

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பாட்டெழுதும் ஆசை. தறியில் உட்கார்ந்தால் கை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளும், மனம் சொல் தேடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிக்கார்டிங் கடை வைத்திருந்த குப்புராஜ் ஆடிக்கு ஆடி அம்மன் பாட்டு கேசட் போடுவான். எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "எதுகை மோனையெல்லாம் சரியாத்தான் கீது, சிவப்பிரகாசம் அண்ணா. ஆனா ஈரமில்ல" என்பான். கோயில் கோயிலாகச் சுற்றினேன். படவேட்டு மலையடிவாரத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கொசு கடித்ததுதான் மிச்சம்.

தொண்ணூற்று நாலில் உன் வீட்டுக்காரன் கோபிநாத் வீட்டைவிட்டுப் போனான். தறியில் உட்கார மாட்டேன் என்றான், அடித்தேன், போய்விட்டான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மறுநாள் உன் மாமியார் அபிதகுசாம்பாள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே தனக்குத்தானே முணுமுணுத்தாள்:

"போட்ட சோறு ஆறலியே, கண்ணே,
போன காலு திரும்பலியே."

தறியில் என் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் நான் தேடியது என் வீட்டு மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. 'கண்ணே' என்பதைத் 'தாயே' என்று மாற்றினேன், அவ்வளவுதான் என் வேலை. அந்த ஆடியில் சேத்துப்பட்டிலிருந்து தேசூர் வரை குழாய் ஸ்பீக்கர் கட்டிய கோயிலிலெல்லாம் அந்தப் பாட்டுதான். குப்புராஜ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அபிதாவும் கேட்டாள். யாரோ எழுதியதைக் கேட்பதுபோல, "நல்லாகீதுங்க" என்றாள்.

ஆனால் போகப்போக அவள் தேற ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு உண்ணாமலையோடு சிரித்துப் பேசினாள். முணுமுணுப்பு நின்றது. ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தேன். "சந்தவாசல்ல ஒரு பையனப் பாத்தேன். நம்ம கோபி மாதிரியே. கூப்ட்டுகினே ஓடினேன், திரும்பிப் பாக்காம பஸ் ஏறிட்டான்." பொய்தான். சின்னப் பொய். அன்று சாயங்காலமே அவள் பாடினாள். அதன்பிறகு எங்காவது கோபி என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தான். ஒருமுறை கையில் கட்டோடு. ஒருமுறை காலில் செருப்பில்லாமல்.

தொண்ணூற்றெட்டில் புடவை கொடுக்கப் பெங்களூர் போனபோது உண்மையாகவே பார்த்தேன். சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தான். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா எப்டிகீறாங்கப்பா? உங்க கூடவே வந்துடறேன்" என்றான். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. கேசட்டின் இரண்டாம் பக்கத்துக்கு இன்னும் பாட்டு சேரவில்லை. "உம்பேரச் சொன்னாலே எழுந்து போயிடறாடா. அவ மனசு ஆறட்டும், நானே கூப்புடறேன்" என்றேன். தலையாட்டினான். அம்மாவுக்கென்று ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தான். அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

"பெங்களூர்ல தேடினீங்களா?" என்று கேட்டாள் அபிதா.

"தேடாத தெருவில்ல."

அன்றைக்கு அவள் பாடியதுதான் என் பெயரை நிலைநிறுத்தியது. 'எந்த ஊட்டு வாசப்படியில எச்ச இலைக்கு நிக்கிறியோ.' எச்சில் இலையை எலுமிச்சை மாலையாக்கினேன். ஜனங்களுக்கு சாமி வந்தது.

இரண்டாயிரத்தொன்றில் அவள் படுத்துவிட்டாள். "உடம்புல ஒன்னுமில்ல, சாப்ட வைங்க" என்றார் டாக்டர். கோபிக்கு அவ்வப்போது பஜாரிலிருந்து நான்தான் போன் செய்வேன். அவனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் வந்து நின்றிருந்தால் எழுந்து உட்கார்ந்து சோறு தின்றிருப்பாள். அது எனக்குத் தெரியும்.

அவள் குரல் தணிந்து சொல் பிடிபடாமல் போனதால் கட்டிலுக்கடியில் டேப் ரிக்கார்டரை வைத்தேன். கடைசி நாள் பாட்டுக்கு நடுவே "தண்ணி" என்றாள். கேசட்டில் அந்தப் பக்கம் ஓடி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குத் தேவை இருக்கவில்லை.

கோபி இருக்குமிடம் தெரியாது என்று ஊரில் சொல்லி, கொள்ளியை நானே வைத்தேன். அவனிடம், அம்மா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள் என்றே சொல்லிவந்தேன். சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். போன வாரம் பெங்களூர்க் கல்யாணத்தில் உண்ணாமலை உங்களைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியிராவிட்டால் இன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நான் அவள்மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லையம்மா. உலகத்தில் எத்தனையோ தாய்மார் அழுகிறார்கள், அழுத சுவடு தெரியாமல் போகிறது. அபிதாவின் அழுகை ஒரு சொட்டும் வீணாகவில்லை. அவள் போன பிறகு எனக்கு ஒரு வரி வரவில்லை. அந்தத் துக்கத்தை யார் கேட்கிறார்கள்?

உள்ளே கோபி அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறான். அவளைப் போலவே, அழுகைக்கு நடுவே ஏதோ சொல்கிறான்.

கொஞ்சம் பேசாமல் இரும்மா. அந்த ஜன்னலைச் சாத்து, தெருச் சத்தத்தில் சொல் சரியாகக் கேட்கவில்லை.