ஐந்து நிமிடப் பக்கம்

மென்பொருள் வழிகாட்டியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, சார். அதிலுள்ள முதல் உதாரணக் கட்டளையை நகலெடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பதினோரு வருடமாக எழுதிச் சலித்தவன் சொல்கிறேன்.

சுபாங் ஜெயாவில் எங்கள் கம்பெனி, கிடங்கு வாசல்களில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவுகளைச் செய்து விற்கிறது. அவற்றைக் கணினியிலிருந்து கட்டளை அனுப்பி இயக்க, ஏபிஐ என்ற மென்பொருள் இணைப்பு ஒன்று உண்டு. புதியவர்களுக்காக அதை விளக்கும் பக்கம் என்னுடையது. 'ஐந்தே நிமிடத்தில் உங்கள் முதல் கதவு.' வாடிக்கையாளர்கள் புகழ்ந்து எழுதுவார்கள். வேறு எதற்கும் என்னை யாரும் புகழ்ந்ததில்லை.

எங்களிடம் வழிகாட்டியும் புரோகிராமைப் போலத்தான். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால்தான் பக்கம் மாறும். அந்தப் பொறுப்பாளர் நான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரமே புனிதா என் பக்கத்துக்குத் திருத்தம் அனுப்பினாள். பதில் வராததால் மேசைக்கே வந்தாள்.

"அண்ணே, உங்க எக்ஸாம்பிள் டெஸ்ட் கதவுக்குப் போகல. நெஜக் கதவையே இறக்குது. கீழ யாராச்சும் நின்னா?"

"பாக்குறேன் லா. நீ போட்ட தலைப்பு நீளம், மொதல்ல அதைச் சின்னதாக்கு."

அவள் சொன்னது சரிதான். ஆனால் கணினிக்குள் மட்டும் இருக்கும் சோதனைக் கதவைப் பதிவுசெய்யும் படியைச் சேர்த்தால் ஐந்து நிமிடம் பன்னிரண்டு ஆகிவிடும். நேற்று வந்தவள் என் பக்கத்தில் கை வைக்கிறாளே என்று வயிற்றெரிச்சல் வேறு. தலைப்பைச் சுருக்கினாள், படத்தை மாற்றச் சொன்னேன். படத்தை மாற்றினாள், பத்திகளை இடம் மாற்றச் சொன்னேன். இப்படியே பத்தொன்பது நாள். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை, பாவம்.

இருபதாம் நாள் காலை, பண்டமாரான் கிடங்கு ஒன்றில் புதிதாகச் சேர்ந்த பையன் என் உதாரணத்தை அப்படியே ஓட்டினான். லோரி டிரைவர் அய்யாவு கதவடியில் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். "அந்தப் புள்ளைய ஒன்னும் செய்யாதீங்க, அவனுக்கு என்னா தெரியும்" என்று அவர் மனைவி நல்லம்மாள் அழுதாராம். அதைக் கேட்ட பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை, நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

ஆபத்து எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். புனிதா மேசைக்கு வந்த அன்று மத்தியானமே, எங்கள் கம்பெனிக் கதவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து உதாரணத்தை ஓட்டிப் பார்த்தேன். நாற்காலி நொறுங்கியது. யார் காலிலாவது குத்திவிடுமே என்று, துண்டுகளையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனேன், சார்.