இருட்டு பார்த்தல்

டீக்கு நன்றி. என் வீட்டில் ஓர் ஆளுக்குப் போடும் டீ ஒருநாளும் சரியாக அமைவதில்லை. பால் மிஞ்சும், இல்லையென்றால் தூள் தூக்கலாகிவிடும். இரண்டு ஆளுக்குப் போட்டுப் பாதியைக் கொட்டிப் பார்த்தேன் கொஞ்ச காலம். அதையும் விட்டாயிற்று.

நேற்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். விபத்து என்று முடித்தும் விட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, நான் சொன்னதை வைத்துத்தானே எழுத முடியும். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. புல், சாணம், காய்கறிக் கழிவு இதையெல்லாம் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் தொட்டிகளுக்கு நான் கூரை வடிவமைக்கிறேன். கான்கிரீட் கூரை. கான்கிரீட் என்றால் கல் மாதிரி, எதுவும் நுழையாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தண்ணீர் வேண்டுமானால் நிற்கும், வாயு நிற்காது. மயிரிழை விரிசல் போதும், வழி கண்டுபிடித்துவிடும். போகிற போக்கில் சிமெண்டை அரித்து, உள்ளே இருக்கும் கம்பியையும் தின்றுவிட்டுப் போகும். அதனால் கம்பியை விறைப்பாக இழுத்துப் பூட்ட வேண்டும், நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கான்கிரீட் போட வேண்டும், உட்புறம் ஓர் இடம் விடாமல் பூச்சு கொடுக்க வேண்டும். என் கூரைகளில் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. தற்பெருமை என்று நினைக்காதீர்கள்.

அந்த உட்புறப் பூச்சைப் பூசியவர்தான் மேஸ்திரி. நான் எங்கே கூரை போட்டாலும் பூச்சு அவருடையது. வாய் ஓயாத மனுஷன். "சாரு இன்னைக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டாரு, மழை வரும், தார்ப்பாயை எடுத்து வைங்கடா" என்று ஆட்களிடம் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தன் வீட்டில் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டச் சொல்லிக் கொண்டுவருவார். நான் கேட்டதில்லை. மனைவி என்னைவிட்டுப் போனபோது, "உங்ககூட இருக்கிறதும் தனியா இருக்கிறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா போன் செய்தால் உடம்பை விசாரிப்பாள், அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. மேஸ்திரிதான் என்னோடு மனுஷனாகப் பேசினார்.

கூரை முடிந்ததும் நாங்கள் இருவரும் இருட்டு பார்ப்போம். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, நாங்களாக உண்டாக்கிக்கொண்ட வழக்கம். உச்சி வெயிலில், ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், மேஸ்திரி ஏணி வழியாகத் தொட்டிக்குள் இறங்குவார். உள்ளே காற்று ஊதும் குழாயை நான் வெளியே இழுத்துவிட்டு, ஆள் இறங்கும் வாயை இரும்பு மூடியால் மூடுவேன். ரப்பர் வளையம் சரியாக உட்கார வேண்டும் என்று இரண்டு போல்ட்டை முடுக்குவேன். கண் இருட்டுக்குப் பழகியதும் அவர் அண்ணாந்து பார்ப்பார். குழாய் நுழையும் இடத்திலோ, சுவரும் கூரையும் சேரும் இடத்திலோ ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. பார்த்து முடித்ததும் ஏறி வந்து மூடியில் மூன்று முறை தட்டுவார், நான் திறப்பேன்.

விஷவாயு இருந்தால் அலறும் கருவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். அதிலிருக்கும் குட்டி விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்து இருட்டைக் கெடுத்துவிடும். அது தப்பான பழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அந்தத் தப்பை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் செய்தோம், ஒவ்வொரு கூரைக்கும் செய்தோம். ஒரு மனிதர் என்னை நம்பி உள்ளே இருக்கிறார், நான் திறப்பேன் என்று காத்திருக்கிறார் என்ற நினைப்பே எனக்கு அடுத்த கூரை வரைக்கும் போதும்.

இந்தத் தொட்டி பழையது. வேறு யாரோ போட்ட கூரை கசிந்து, அதை இடித்துவிட்டு என்னிடம் வந்தார்கள். அடியில் இருந்த கசடை முழுதாக அள்ளவில்லை. காலால் கலக்கினால் வாயு கிளம்பும். ஊதும் குழாயை எடுத்துவிட்டால் உள்ளே ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்றைக்கு மேஸ்திரி ஏணியில் பாதி இறங்கி நின்றுகொண்டு சொன்னார். மகன் வேலை பார்க்கும் ஊருக்குக் குடும்பத்தோடு போகிறாராம். பேத்தி பிறந்திருக்கிறாளாம். பூச்சு வாடையெல்லாம் போதும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். சாமானெல்லாம் கட்டியாயிற்று, லாரிக்கும் சொல்லியாயிற்று. இதுதான் கடைசிக் கூரை.

எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அது ஆச்சு சார், ரொம்ப நாளா பேசிக்கிட்டிருக்கோம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல பாருங்க."

"அப்ப நான்?" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "உங்களுக்கென்ன சார், கூரை இருக்கே. மூடுங்க, பசிக்குது."

மூடினேன். இரண்டு போல்ட்டையும் முடுக்கினேன்.

கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை. கோபம் இருந்திருந்தால் திறந்து நாலு வார்த்தை திட்டியிருப்பேன். முதல் முறை அவர் தட்டியதும் வழக்கம்போல ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். போல்ட்டில் வைத்தும் விட்டேன். திறந்தால் அவர் மேலே வருவார், முகத்தைத் துடைப்பார், சாப்பிடுவார், போய்விடுவார். அதற்குள் மறுபடி தட்டினார். அதில் ஓர் அவசரம் இருந்தது. என்னை யாரும் அவ்வளவு அவசரமாகத் தேடியதில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குமேல் எனக்கு எந்தத் திட்டமும் இல்லை.

தட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வார்த்தை புரியவில்லை. மூடியில் கை வைத்தால் அதிர்வு மட்டும் தெரிந்தது. என் சட்டைப்பையில் இருந்த கருவி ஒருமுறைகூட அலறவில்லை. உள்ளே அவ்வளவு வாயு கிளம்பியும் பொட்டு அளவுகூட வெளியே வரவில்லை. பூச்சும் அவ்வளவு நேர்த்தி, அதை அவருக்குச் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வரும் சத்தம் கேட்டபிறகு திறந்தேன். தட்டல் கேட்கவே இல்லை என்று உங்களிடம் சொன்னேன். கூரையின் கனத்தைப் பார்த்து நம்பினீர்கள். மேஸ்திரியின் மனைவியும் என்னிடம் வந்து, "கூப்பிட்டாரா சார்?" என்று ஒன்றுதான் கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்ப சட்டுனு போயிருப்பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பொய்யால் ஒருவருக்கு ஆறுதல் கிடைத்தது. அதை நான் தப்பாக நினைக்கவில்லை.

அதன்பிறகு ஒருவரும் வரவில்லை. நீங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தீர்கள். நேற்றோடு அதுவும் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

திருத்தத்தைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தட்டல் எனக்குக் கேட்டது. முதலிலிருந்து கடைசி வரை கேட்டது. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. திறந்திருந்தால் பிழைத்திருப்பார், அது எனக்குத் தெரியும். கொலை என்றே போடுங்கள், நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் நேற்று வாசித்துக் காட்டிய காகிதத்தில் ஒரு வரி இருந்தது, அவர் உள்ளே தனியாகத் தவித்துச் செத்தார் என்று. அதை அடித்துவிடுங்கள். நான் மூடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் ஒவ்வொரு முறை தட்டியபோதும், நானும் மேலேயிருந்து பதிலுக்குத் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.