கிணற்றுக்குள் போன சென்சார்

மோட்டாருக்குப் பக்கத்தில் சென்சாரை வைத்தால் ரீடிங் ஆடத்தான் செய்யும், ஐயா. ரோபோ செய்து பழகுகிற எல்லோருக்கும் முதலில் வருகிற தலைவலி அது. நான் அதைச் சரிசெய்து வெகுநாளாகிறது. சோலையப்பன் செத்தது சென்சார் கோளாறால் நேர்ந்த விபத்து என்று முடிக்கப் போகிறீர்களாம். அது தப்பு. அதைச் சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கீரமங்கலத்தில் இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ரோபோ என் பொழுதுபோக்கு. நாலு சக்கரம், தலையில் ஆக்சிஜன் சென்சார், அவ்வளவுதான். வற்றிப்போன கிணற்றுக்குள் கயிற்றில் இறக்கிவிட்டால், அடியில் ஓடிப் பார்த்து, அங்கே மூச்சு விடலாமா என்று என் போனுக்குச் சொல்லும். எண் இருபத்தொன்றை ஒட்டி இருந்தால் நல்ல காற்று. எங்கள் பக்கம் கிணற்றில் ஆள் இறங்கும்முன் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். அந்த வேலையை என் ரோபோ செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சோலையப்பன் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. கிணறு எங்கள் இருவருக்கும் பொது. முதல் தடவை ரோபோவை இறக்கிய அன்று அவர் ஊரையே கூட்டி வைத்திருந்தார். சக்கரம் உருண்டதும் எண் பதினைந்துக்கும் இருபத்தைந்துக்குமாகக் குதித்தது.

"என்னடா பிரசாந்து, தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையவா செஞ்சு கொண்டாந்திருக்க?" என்றார்.

அன்றிலிருந்து என் பெயர் தலையாட்டி. கடைக்கு வருகிறவனும் அப்படித்தான் கூப்பிட்டான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அண்ணன் அதைச் சொல்லிச் சிரித்தார். அந்த இடம் அமையவில்லை. எனக்குச் சத்தம் போட வராது.

பழுதைத் தேடினேன். புதுச் சென்சார் மாட்டினேன், அதுவும் ஆடியது. மோட்டாரை நிறுத்தினேன், ஆட்டம் நின்றது. ஆக, சென்சார் மேல் குற்றமில்லை. அதற்குத் தனி பேட்டரி கொடுத்தேன். மோட்டாரில் சின்னக் கெப்பாசிட்டர் வைத்துப் பற்றவைத்தேன், ஒயர்களைத் தள்ளிக் கொண்டுபோனேன். மிச்சமிருந்த நடுக்கத்துக்குப் புரோகிராமில் சராசரி போட்டேன். கடைசியாக வந்த சில ரீடிங்குகளைச் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அதைக் கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும். நீட்டிவிட்டால் நடுக்கத்தோடு உண்மையான இறக்கமும் சேர்ந்து அமுங்கிப்போகும்.

பிறகு அக்கம்பக்கத்துக் கிணறுகளில் விளக்கையும் ரோபோவையும் சேர்த்தே இறக்கினேன். இரண்டும் ஒன்றையே சொல்லின. சோலையப்பனும் அதை நம்ப ஆரம்பித்தார். ஆனால் அவர் வைத்த பெயர் மட்டும் போகவில்லை.

இந்தக் கோடையில் கிணற்றடியில் பம்புக் குழாயின் நுனியிலிருக்கிற ஃபுட்வால்வைச் சேறு அடைத்துக்கொண்டது. தானே இறங்குவதாக அண்ணன் சொன்னார். நான் சராசரியை நீட்டினேன். மேட்டிலேயே வெகுநேரம் ரோபோவை ஓடவிட்டு, அந்தச் சராசரியை நல்ல காற்றின் எண்களால் நிரப்பிக்கொண்டேன். அப்புறம் இறக்கினேன். போனில் தெரிந்த எண் இருபதைவிட்டு நகரவில்லை. அதே போனில் எனக்கென்று இன்னொரு திரையில் வைத்திருந்த, சராசரி போடாத நேரடி ரீடிங் ஒன்பது என்றது. ஆடாமல் அசையாமல் ஒன்பது. அவ்வளவு சுத்தமான ரீடிங்கை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதில் இறங்குகிறவர் ஏறி வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் மனைவி கலைமதி அண்ணி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். "எதுக்கும் இதையும் எறக்கிப் பாத்துருவோங்க."

அண்ணன் என் போனை வாங்கிப் பார்த்தார். "வெளக்கெல்லாம் எதுக்கு? நம்ம பிரசாந்து மிஷினு சொல்லுதுல்ல. அங்கிட்டு வையி."

நாலு பேர் முன்னால் அவர் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்தது. போனைத் திருப்பி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பாதிப் படியில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாருக்காடா?"

"நல்லாருக்கு, எறங்குங்கண்ணே" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒங்க மிஷினு பொய் சொல்லிருச்சே, தம்பி." துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். தலையாட்டி செய்த பொம்மை ஆளைக் கொன்றுவிட்டதாம். மற்ற எதையும் பொறுத்துக்கொள்வேன் ஐயா, இதைப் பொறுக்க முடியவில்லை.

சராசரியைப் பழையபடி குறைத்துவிட்டேன். வேண்டுமானால் ஊரைக் கூட்டி வைத்தே அதே கிணற்றில் இறக்கிப் பாருங்கள். அது பொய் சொல்லாது. அன்றும் ஒன்பது என்று சரியாகத்தான் சொன்னது. அதை அண்ணனிடம் சொல்லாமல் விட்டது மட்டும்தான் நான் செய்தது.